சென்சரி தெரபி: பணம் கட்டும் முன் எங்களுக்கு யாரும் சொல்லாதவை

மகளுக்கு நாலு வயது முடியும் நேரத்தில் ஆட்டிசம் என்று உறுதியானது. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் மூன்று வரிகள் இருந்தன: பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் பயிற்சி), சென்சரி இன்டெக்ரேஷன். முதல் இரண்டும் என்னவென்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. மூன்றாவதைப் பற்றிக் கேட்டேன். "சென்டரில் விளக்கமாகச் சொல்வார்கள்" என்றார். சென்டரில் விளக்கமாகச் சொன்னது கட்டணத்தை மட்டும்தான். அடுத்த ஒன்றரை வருடத்தில் எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது. மாலை நேரம் முழுக்கப் பயணத்திலும் காத்திருப்பிலும் போனது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இதை எழுதுவது சென்சரி தெரபியே ஏமாற்று என்று சொல்வதற்கு அல்ல. எங்களுக்கு அதனால் நன்மையும் நடந்தது. ஆனால் நன்மை கிடைத்த விதமும், பணம் போன விதமும் முற்றிலும் வேறு வேறு.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அதோடு உடலின் சமநிலையை உணரும் வெஸ்டிபுலர், மூட்டும் தசையும் எங்கே எப்படி இருக்கின்றன என்று உணரும் ப்ரோப்ரியோசெப்ஷன், பசி, வலி, சிறுநீர் முட்டுவது போன்று உடலுக்குள்ளிருந்து வரும் உணர்வுகள் இவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இவற்றில் சில அளவுக்கு மீறி உறைக்கும், சில உறைக்கவே உறைக்காது. ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கலாம். என் மகளுக்குச் சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் பட்டால் தாங்காது. பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். அதே குழந்தை கட்டில் முனையில் முட்டி இடித்துக்கொண்டு ரத்தம் வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இது பிடிவாதம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேடு, இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஊஞ்சல், பந்து போன்ற விளையாட்டுகள் வழியாக இந்தப் புலன்களைச் சமாளிக்கப் பழக்குவதுதான் சென்சரி இன்டெக்ரேஷன் என்ற சென்சரி தெரபி. ஆக, பிரச்சினை உண்மை. அந்தப் பிரச்சினைக்கு விற்கப்படும் தீர்வுகள் எல்லாம் உண்மையா என்பதுதான் கேள்வி.

நாங்கள் போன இடத்தில் முதல் நாள் ஒரு நீண்ட கேள்வித்தாள் கொடுத்தார்கள். நாங்கள் நிரப்பிய அதே பதில்களை வண்ண வண்ணப் பட்டை வரைபடமாக மாற்றி, பெரும்பாலான பட்டைகள் சிவப்பு என்று காட்டினார்கள். "இப்போது ஆரம்பிக்காவிட்டால் மூளை வளரும் காலம் கைவிட்டுப் போய்விடும்" என்றார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எந்தப் பெற்றோரும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வர மாட்டார்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம். மாதாமாதம் பிரித்துப் பார்த்தால் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பத் தரப்படாது என்று இருந்தது. நீங்கள் போகும் இடத்தில் இப்படிக் கேட்டால், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்படித் தர மறுப்பவர்களிடம் தள்ளுபடி இருந்தாலும் வேண்டாம். குழந்தைக்கு ஒத்துவருமா என்று இன்னும் யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு ஆறு மாதப் பணம் எதற்கு?

அன்றே கேட்டிருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அதைக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன். மதிப்பீடு செய்தவர் பட்டம் பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆனால் தினமும் குழந்தையோடு அறைக்குள் இருந்தவர் அவர் அல்ல, அங்கே சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளர். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்பானவர்தான். ஆனால் நாங்கள் கட்டிய கட்டணம் தெரபிஸ்டுக்கானது. ஆகவே யார் மதிப்பீடு செய்வது, யார் தினமும் பயிற்சி கொடுப்பது, தகுதி பெற்றவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் பார்ப்பார் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அறைக் கதவு மூடியே இருக்கும். பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது என்பார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். "ஆரம்பத்தில் எல்லாக் குழந்தைகளும் அழும்" என்றார்கள். ஊஞ்சலில் உட்காரவைத்துச் சுழற்றும்போதுதான் அழுகிறாள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. இந்த முறையை 1960, 70களில் உருவாக்கிய அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸின் அடிப்படை விதியே வேறு: குழந்தை தானாக விரும்பி ஈடுபட வேண்டும், விளையாட்டாக இருக்க வேண்டும், சவால் அதன் கைக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். கதறும் குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது எந்தக் கணக்கிலும் இதில் சேராது. உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். தினமும் வேண்டாம், கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ அவ்வப்போது பார்த்தால் போதும். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். பேசத் தெரியாத குழந்தையை மூடிய அறையில் விட்டுவரும் பெற்றோருக்கு இதைக் கேட்கும் உரிமை கூடவா இல்லை?

மாதம் ஒரு ரிப்போர்ட் தருவார்கள். "கண் தொடர்பு மேம்பட்டுள்ளது, உட்காரும் நேரம் அதிகரித்துள்ளது, சென்சரி தேடல் குறைந்துள்ளது." படித்ததும் மனசுக்கு இதமாக இருக்கும். வீட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு ஓரத்தில் உறுத்தும். நாம்தான் சரியாகக் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வோம். ஒரு மாதம் வந்த ரிப்போர்ட்டில் முதல் பத்தியில் என் மகளின் பெயர். இரண்டாவது பத்தியிலிருந்து கடைசிவரை "அவன்". அவன் ஊஞ்சலில் நன்றாக ஒத்துழைக்கிறான், அவன் பந்தைக் கூடையில் போடுகிறான். யாரோ ஒரு பையனுடைய முன்னேற்றத்தைப் படித்துத்தான் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கேட்டால் டைப்பிங் மிஸ்டேக் என்றார்கள். அன்று இரவு பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து அடுக்கி வைத்துப் பார்த்தேன். தேதியையும் சில எண்களையும் தவிர எல்லாம் ஒன்றே.

இதற்கிடையில் கூடுதல் சாமான்கள். மென்மையான பிளாஸ்டிக் முட்கள் உள்ள ஒரு பிரஷ்ஷால் கை, கால், முதுகை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தித் தேய்த்து, பிறகு மூட்டுகளை அழுத்திவிட வேண்டும் என்றார்கள். வேலைக்குப் போகும் இரண்டு பேர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிச் செய்வது? அதற்காகவே என் மனைவி சில வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். பிரஷ்ஷைப் பார்த்தாலே மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்புறம் எடை வைத்த ஜாக்கெட், அப்புறம் விசேஷ ஹெட்போனில் இசை கேட்கும் ஒரு புரோகிராம். எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும். பிரஷ் முறைக்கும் எடை ஜாக்கெட்டுக்கும் உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. இசை கேட்டுக் காதைப் பழக்கும் முறைகளைப் பற்றி 2011இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, அவை பலன் தருவதற்கான ஆதாரம் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. தெரபி தருபவரே பொருளும் விற்றால், அந்தப் பொருளை இரண்டு வாரம் இரவல் தருவீர்களா என்று கேளுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அந்த ஜாக்கெட் புதுசு போலவே கிடக்கிறது.

எனக்கு இன்றும் ஆறாதது பல் விஷயம். மகள் எதையாவது கடித்துக்கொண்டே இருப்பாள், சட்டைக் கை, பென்சில், கட்டில் சட்டம் என்று. அதோடு புதிதாக ஒரு பக்கத் தாடையை உள்ளங்கையால் அடிக்கத் தொடங்கினாள். ராத்திரி தூக்கம் போனது. சென்டரில் சொன்னபோது, "இது ஓரல் சென்சரி சீக்கிங், இன்னும் இன்புட் வேண்டும்" என்று, அதாவது வாய் உணர்வைத் தேடுகிறது, அதை இன்னும் கொடுக்க வேண்டும் என்று, கடிப்பதற்கு ரப்பர் குழாய் கொடுத்து, வாரத்தில் ஒரு செஷனைக் கூட்டினார்கள். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. பள்ளியில் ஒரு ஆசிரியைதான் எப்போதும் ஒரே பக்கம் அடிக்கிறாளே என்று சந்தேகப்பட்டுச் சொன்னார். பல் மருத்துவர் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று அடிவரை சொத்தை. அதைச் சரிசெய்த அதே வாரத்தில் தாடையில் அடிப்பது நின்றது. வலியை அவளால் வாயால் சொல்ல முடியாது, கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு நாங்கள் பணம் கொடுத்து வேறொரு பெயர் வாங்கியிருந்தோம்.

ஆகவே, புதிதாக ஒரு நடத்தை வந்தாலோ, பழையது திடீரென்று கூடினாலோ, முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காதில் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், கண் பார்வை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனை கட்டாயம். மண், பெயின்ட், சுண்ணாம்பு என்று உணவல்லாததைத் தின்னும் குழந்தைக்கு ரத்தத்தில் இரும்பும் ஈயமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் சென்சரி என்ற பேச்சு.

அந்த இடத்தை விட்டு வெளியே வந்தபோது கட்டிய பணத்தில் நாலில் ஒரு பங்கு செஷன்கள் பாக்கி. வேறொரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, சுருக்கமாக ஓ.டி.யை, தேடிப் பிடித்தோம். அவர் சிவப்புப் பட்டை எதுவும் வரையவில்லை. "அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டில் எந்த ஒரு விஷயம் மாறினால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்?" என்று கேட்டார். என் மனைவி யோசிக்கவே இல்லை. "தலைக்குக் குளிப்பது" என்றாள். அது எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும் யுத்தம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறக்கும், முடிந்த பிறகு மூன்று பேரும் அழுதிருப்போம்.

அவர் எங்களைத் தலைக்குளியலைப் படிப்படியாக உடைத்து எழுதச் சொன்னார். எந்தப் படியில் அழுகை ஆரம்பிக்கிறது? பார்த்தால், தண்ணீர் ஊற்றும்போது அல்ல, தலையைப் பின்னால் சாய்க்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. தலை பின்னால் போனால் விழுவது போன்ற பயம் அவளுக்கு. அது தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. தலையைச் சாய்ப்பதை விட்டுவிட்டு, அவளை நேராக உட்காரவைத்து, மடித்த துணியை நெற்றியில் அவளே அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்பக்கத்திலிருந்து கைஷவரால் தலையை ஒட்டித் தண்ணீர் விட்டோம். மேலிருந்து சொட்டுவதுதான் அவளுக்கு ஆகாது, ஒட்டி வழிந்தால் பரவாயில்லை. ஷாம்பு போடும்போது விரல் நுனியால் கூசக் கூசத் தேய்க்காமல் உள்ளங்கையால் பதமாக அழுத்தினோம். சுவரில் ஐந்து படங்கள்: உட்கார், நனை, நுரை, அலசு, துண்டு. ஒவ்வொன்று முடிந்ததும் அவளே அந்தப் படத்தைக் கழற்றி டப்பாவில் போடுவாள். அலசும்போது பத்து வரை எண்ணி, பத்தில் கண்டிப்பாக நிறுத்துவோம், நுரை பாக்கி இருந்தாலும். அந்த வாக்கு மீறவே கூடாது என்பது ஓ.டி.யின் உத்தரவு. மூன்று மாதம் ஆகவில்லை, ஒரு ஆள் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இதே போல இலக்கு என்பதை இந்த அளவுக்குச் சின்னதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். "சென்சரி இஷ்யூ குறைய வேண்டும்" என்பது இலக்கே அல்ல, அது எப்போதும் நடந்துகொண்டே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆரம்பிக்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன, எவ்வளவு நேரம், எதனால் அடங்கியது. நாலு கட்டம், அவ்வளவுதான். அதற்கு மேல் விரிவாக எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள், ரிப்போர்ட்டைப் பார்த்து அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: இந்த வகை தெரபிகளை முழுச் சிகிச்சைத் திட்டத்தில் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆய்வு ஆதாரம் குறைவு, தீர்மானமாக எதுவும் சொல்ல முடியாது என்று பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும், பலன் இருக்கிறதா என்று கால வரம்பு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தபோது எனக்குக் குழப்பம்தான் முதலில் வந்தது. 2014இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 32 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம், வாரம் மூன்று முறை இந்தத் தெரபி கொடுத்தார்கள். அவரவருக்கென்று வகுத்த இலக்குகளில் அந்தக் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 138 குழந்தைகளை வைத்து நடந்த இன்னும் பெரிய ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டால் எரிச்சல், முரட்டுத்தனம் போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டது: ஒரு குறிப்பிட்ட இலக்கை வைத்துக்கொண்டால் பலன் கிடைக்கலாம். குழந்தையின் நடத்தை மொத்தமாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது என் முடிவு, உங்கள் குழந்தையின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு செலவில்லாமல் கிடைத்த மாற்றங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். லேபிள்களை வெட்டுவது மட்டும் போதாது, தையலோடு பிரித்து எடுக்க வேண்டும், வெட்டிய மிச்சம் இன்னும் குத்தும். சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் விரல் நுனித் தையல் உறுத்தாது. மிக்சி போடும் முன் அவளிடம் சொல்லிவிட்டு, அவளையே சுவிட்சைப் போடச் சொல்வோம், தன் கையில் இருக்கும் சத்தம் அவளை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. மாலையில் துணிக்கூடையைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த பையைத் தூக்கி வருவது, மெத்தையில் குதிப்பது, தலையணைகளுக்கு நடுவே அமுங்கிக் கிடப்பது. ஊஞ்சல் அறையில் பணம் கட்டி வாங்கியதைவிட இந்த வேலைகளுக்குப் பிறகு அவள் நிதானமாக இருக்கிறாள்.

எடை வைத்த போர்வையும் வாங்கினோம். 2014இல் வந்த ஓர் ஆய்வில் 67 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தூங்கும் நேரம் கூடவில்லை, ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் கதையும் அதேதான். வாங்குவதானால் குழந்தையால் தானே விலக்க முடிகிற எடையாக இருக்க வேண்டும், முகத்தை மூடக் கூடாது, கைக்குழந்தைகளுக்கு அறவே கூடாது. சத்தம் குறைக்கும் ஹெட்போன் கூட்டத்துக்கும் பயணத்துக்கும் ரொம்ப உதவி. ஆனால் அமைதியான வீட்டிலும் நாள் முழுக்கப் போட்டால் சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும் என்று ஓ.டி. எச்சரித்தார். கை உலர்த்தும் இயந்திரம் மட்டும் இன்றும் தீரவில்லை. பையில் ஒரு சின்னத் துண்டு, கழிப்பறைக்குள் போகும் முன் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று ஒரு பார்வை. அதைப் பழக்கியே தீர வேண்டும் என்று எங்களுக்கு எந்த அவசியமும் இல்லை.

மேலே பெரிய இழப்பு என்று சொன்னேனே, அது பேச்சு. "முதலில் உடம்பு அமைதியாகட்டும், சென்சரி சரியானால் பேச்சு தானாக வரும்" என்று சொல்லி பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வைத்தார்கள். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. புதிய ஓ.டி. முதல் வாரத்திலேயே பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அவர் பேச்சு வரும்வரை காத்திருக்காமல் பட அட்டைகளில் ஆரம்பித்தார். படம் காட்டிப் பழக்கினால் பேச மாட்டாள் என்று எங்களைப் பலர் பயமுறுத்தியிருந்தார்கள், அது உண்மையில்லை. மகள் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது "நிறுத்து" என்ற அட்டையைத்தான். நகம் வெட்டும்போது நீட்டுவாள், நாங்கள் நிறுத்துவோம். கொஞ்ச நேரம் கழித்துத் தானே விரலை நீட்டுவாள். சென்சரி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த பாதிச் சண்டை, போதும் என்று சொல்ல வழியில்லாத சண்டை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் எனக்குப் பணத்தைவிட வயிறு எரிகிறது.

ஏற்கெனவே மொத்தமாகக் கட்டிவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று மீதி செஷன்களுக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த மாலை நேரமும் சேர்ந்து போகும். வாயால் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள். நடந்த செஷன்களின் தேதி, நடக்காதவை, யார் பயிற்சி கொடுத்தார், ரிப்போர்ட்டில் உள்ள குளறுபடி எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, மீதிப் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த "அவன்" ரிப்போர்ட்டின் நகலை இணைத்து அனுப்பிய பிறகு பாக்கியில் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதிக்கு அந்தக் கட்டணத்தில் வீட்டுக்கான பயிற்சிகளைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டோம், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.